ஷட்டரும் ராகு காலமும்

போன ஞாயிற்றுக்கிழமை. மஞ்சக்குப்பத்தில் ஒரு கார் ஷெட் வாசலில், கத்திரி வெயிலில், பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாக ஒரு கூட்டமே வேர்த்து வடிய நின்றிருந்தோம். உள்ளே வேன். வேனுக்குள் சீர்த் தட்டுகள், பூ, பழம், மாப்பிள்ளை மோதிரம். வெளியே நாங்கள். நடுவில்... திறக்க மாட்டேன் என்கிற ஷட்டர்!

என் தங்கை மகள் கவிதாவுக்கு அன்றைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஊரான சிதம்பரத்தில் விசேஷம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் அங்கே போய்த் தட்டு மாற்றியாக வேண்டும்.

தங்கை வீட்டுக்காரர் செல்வராஜ் இருக்கிறாரே — எனக்கு மச்சான் — பெரிய முன்யோசனைக்காரர். காலையிலேயே எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, பூ வாடிவிடக் கூடாது என்று ஷட்டரையும் இறக்கிவிட்டார். அந்த ஷெட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

"காலைல பூ மாதிரி ஏறுச்சே மச்சான்!" என்று புலம்பினார்.

ஏறும். காலையில் ஏறும். மேற்கு பார்த்த ஷட்டர், மத்தியான வெயிலில் கை வைத்தால் கொப்புளம். இரும்பு சூட்டில் விரியும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்தானே? போதாததற்கு நம் கடலூர் உப்புக் காற்று, ஓரமெல்லாம் துரு.

அதையாவது மன்னிக்கலாம். நிச்சயதார்த்தத்தை முன்னிட்டு மச்சான் ஷட்டருக்குப் பச்சை எனாமல் அடித்திருந்தார். பொங்கலுக்கு அடித்ததன் மேல்... அதற்கு முந்தின பொங்கலுக்கு அடித்ததன் மேல்! ஷட்டர் ஏறி இறங்கும் இரண்டு பக்கக் காடியை கைடு என்பார்கள். பெயிண்டு அதற்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் கிரீஸை வேறு அள்ளி அப்பியிருந்தார். கடற்கரை மணல் பறந்து வந்து கிரீஸில் ஒட்டினால் என்ன ஆகும்? கைடு முழுக்க உப்புத்தாள்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு ஷட்டர் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. சும்மா சொல்லவில்லை, வந்து பாருங்கள். கைடில் கிரீஸே கூடாது. துணியால் மணலைத் துடைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் காட்டி, மிஷின் ஆயில் நாலு சொட்டு. கத்திரிக்கு முன்னால் ஒரு தரம், மழைக்கு முன்னால் ஒரு தரம். அவ்வளவுதான். இதைச் சொன்னால் மச்சான் கேட்பாரா? "நீ பத்திரிகைல எழுது மச்சான்" என்பார். இதோ, எழுதிவிட்டேன்.

ஆனால் அன்றைக்குப் பெரிய தலைவலி ஷட்டர் இல்லை. சரோஜா அக்கா.

செல்வராஜின் அக்கா அவர். கவிதாவைத் தன் மகனுக்குக் கேட்டார். கவிதா முடியாது என்றுவிட்டாள். அந்த மனத்தாங்கலோடு வந்திருந்தவர், ஷட்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப கதவு தெறக்கலன்னா... எனக்கென்னமோ மனசு சரியில்லப்பா. சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல?"

கவிதாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. காரணம் இருக்கிறது. போன வருஷம் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு வரன் வந்து, பெண் பார்க்கிற நேரத்தில் கரண்ட் போனது. சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விட்டார்கள். கரண்ட் போவது சகுனம் என்றால், இந்தத் தமிழ்நாட்டில் ஒரு கல்யாணம் நடக்குமா சார்?

இந்த மாப்பிள்ளையோ அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனவர். இதுவும் கைநழுவினால்? எனக்குக் கோபம் வந்தது.

"சகுனமும் இல்ல, சனியனும் இல்லக்கா. வெயிலு! மச்சான், தண்ணியக் கொண்டா!"

"ஐயோ, புதுப் பெயிண்டு மச்சான்... ஊத்தாத!" என்று குறுக்கே விழுந்தார் செல்வராஜ்.

"பொண்ணு முக்கியமா, பெயிண்டு முக்கியமா?"

வாளி வாளியாக ஊற்றினோம். பச்சைத் தண்ணீர் வெந்நீராக வழிந்தது. அதற்குள் சரோஜா அக்கா என்ன செய்தார் தெரியுமா? செல்போனை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கே அடித்துவிட்டார்! "மறைக்கக் கூடாது பாருங்க, அதான் சொல்றேன்..." என்று ஆரம்பித்து, கதவு, சகுனம் எல்லாவற்றையும் கொட்டினார்.

அவருடையது சைனா செட். அந்தப் பக்கம் பேசுவது தெருமுனை வரை கேட்கும்.

"ஷட்டரா? மேக்க பாத்ததா?" என்றது மாப்பிள்ளை அம்மாவின் குரல். "எங்க வூட்டுதும் மத்தியானத்துல இப்டித்தாங்க மொரண்டு புடிக்கும். தண்ணி ஊத்துங்க, தானா ஏறும். கடப்பாரையப் போட்டு நெம்பிடப் போறாங்க!"

அக்கா விடவில்லை. "அதில்லீங்க... நாலரைக்கு ராகு காலம் வந்துடுமே?"

"வந்தா வந்துட்டுப் போவுது. ஆறு மணிக்குப் போயிடும்ல? அப்பறமா மாத்திக்கலாம். மொதல்ல எம் மருமவள வெயில்ல நிக்க வெக்காம உள்ள கூட்டிட்டுப் போங்க."

மருமகள்! தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே!

கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சரோஜா அக்கா மட்டும் சார்ஜ் தீர்ந்துவிட்டதாகச் சொல்லி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்னும் இரண்டு வாளி. நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே தூக்கு... கிரீச்சென்று ஏறியது! இரண்டு பேர் வேட்டியிலும் பச்சைப் பெயிண்டு.

ஒரு கதவு இறுகிக்கொண்டால் காடியில் என்ன சிக்கியிருக்கிறது என்று குனிந்து பார்க்க நமக்குப் பொறுமை இல்லை. வானத்தில் எந்தக் கிரகம் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்க மட்டும் இருக்கிறது.

வேனைக் கிளப்பினேன். இப்போது கிளம்பினால்கூட ராகு காலத்துக்கு முன் பிடித்துவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின் சீட்டிலிருந்து கவிதாவின் குரல்.

"மாமா, மெதுவாவே போங்க."

ராகு காலம் அதுபாட்டுக்கு வந்தது. நாங்கள் புதுச்சத்திரத்தில் வண்டியை நிறுத்தி, ஆளுக்கொரு இளநீர் குடித்தோம்!