கொதிக்க வைத்த தண்ணீர்

ஆர்லிஸ் வீட்டுக் குழாயில் தண்ணீர் கண்ணாடி போல வரும். அதில் வாடையும் இல்லை, கசப்பும் இல்லை. நாற்றமெல்லாம் வெளியேதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனி உருகியதும் டுவேனின் மாட்டுப் பண்ணை லாரிகள் எங்கள் வீடுகளைச் சுற்றியுள்ள வயல்களில் சாணிக்குழம்பைப் பீய்ச்ச ஆரம்பிக்கும். அந்த நாட்களில் வெட்டிய ரொட்டியில்கூட மாட்டு மூத்திரம் மணக்கும்.

பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற ஆர்லிஸ், கணவன் இறந்தபின் பண்ணையில் பால் கறக்கும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. யெசேனியாவின் கைக்குழந்தை மாத்தேயோவுக்குப் பால் பவுடர் கரைக்கும் தண்ணீரைப் பாதியாக வற்றும்வரை கொதிக்க வைப்பாள்.

ஏப்ரலில் ஒரு நாள் குழந்தையின் உதடு சிலேட்டு நிறமாகிவிட்டது. நகமும் அப்படியே. குழந்தை அழக்கூட இல்லை. ஆர்லிஸ் தாய்க்குத் தகவல் சொல்லிவிட்டுக் காரை விரட்டினாள். மருத்துவமனையில் எடுத்த ரத்தம் காபிக் கஷாயம் போலப் பழுப்பாக இருந்தது.

"பாலுக்கு எந்தத் தண்ணி?" என்று டாக்டர் கேட்டார்.

"என் கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வெச்சுதான் குடுப்பேன்."

"கொதிச்சா கிருமி சாகும்மா. நைட்ரேட்ங்கற உப்பு போகாது. தண்ணி வத்த வத்த அது இன்னும் கெட்டியாத்தான் ஆகும். பக்கத்துல உரமோ சாணியோ கொட்டறாங்களா? அதுலேர்ந்துதான் மண்ணுல இறங்கிக் கிணத்துக்கு வரும்."

ஆர்லிஸ் ஓடிப்போய்க் கழிவறையில் வாந்தியெடுத்தாள். வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தவள், கை கூசி மூடிவிட்டாள்.

மருந்து ஏற்றியதும் குழந்தை பிழைத்தது. யெசேனியா ஆர்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்குத் தெரியாதே" என்றாள். தெரிந்தவன் ஒருவன் இருந்தான்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் நைட்ரேட் சட்டம் அனுமதிப்பதைப் போல் நாலு மடங்கு இருந்தது. செய்தி பரவிய அன்று மாலை டுவேன் ஒரு கூடைப் பாலாடைக்கட்டியும் பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகளுமாக வந்து நின்றான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"கேள்விப்பட்டேன் ஆர்லிஸ். பாவம். கொஞ்ச நாளைக்கு இதைக் குடி."

"சர்ச்சுக் கிணத்துத் தண்ணியில நான் போடற காபிய நீ ஏன் தொடறதே இல்ல?"

"வயிறு ஒத்துக்காது."

"கார்ல உக்காந்து ஃபிளாஸ்க்ல குடிக்கிறியே, அது மட்டும் ஒத்துக்குதா?"

அவன் தொப்பியைக் கழற்றித் திருப்பிக்கொண்டே நின்றான். "எங்க கிணத்தை முன்னாடியே சோதிச்சோம். சரியில்ல. மத்தவங்க கிணறும் அப்படித்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா ஏன்டா என் காபியக் குடிக்கல?"

ஆர்லிஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து அவன் வண்டியிலேயே எறிந்தாள். "உன்கிட்ட வேலை பாக்கறவ புள்ளைக்கு நான் என் கையாலயே உன் மாட்டுச் சாணியக் காய்ச்சி ஊத்தியிருக்கேன். தினம் இந்த வழியாத்தானே போனே? ஒரு வார்த்தை சொன்னியா? தூ!"

ஞாயிறன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில், காபிக் குவளைகள் கையில் இருக்கும்போதே, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பலர் குவளையைக் கீழே வைத்தார்கள். "அவன் இல்லேன்னா இந்த ஊருல யாருக்கு வேலை இருக்கு?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்களும் மறுவாரமே தங்கள் கிணற்றைச் சோதித்தார்கள். எங்கள் வீட்டுக் கிணறு உட்படப் பாதிக்குமேல் கெட்டிருந்தது.

யெசேனியா பண்ணை வேலையை விட்டுவிட்டு, காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போனாள். குழந்தையை மட்டும் இன்றும் ஆர்லிஸிடம்தான் விடுகிறாள். மாத்தேயோ இப்போது வீடெல்லாம் ஓடுகிறான். ஆர்லிஸ் வடிகட்டி பொருத்திவிட்டாள். தண்ணீர் சரியாகிவிட்டதென்று சோதித்தும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் அவளுக்குக் குமட்டுகிறது. பல் துலக்கக்கூடக் கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர்தான்.

லாரிகள் இந்த வசந்தத்திலும் வந்தன. சர்ச்சில் டுவேன் இப்போதும் முன்வரிசையில்தான் உட்காருகிறான். ஆராதனையின் நடுவே "உனக்குச் சமாதானம்" என்று சொல்லி எல்லோரும் கைகுலுக்கும்போது, அவன் ஆர்லிஸிடமும் கையை நீட்டுகிறான். அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறாள்.