தெரியாது என்று சொன்ன யோகலிங்கம் மாஸ்டர்

யோகலிங்கம் மாஸ்டருக்கு ஒரு வியாதி இருந்தது. எழுதி மாட்டப்பட்ட எதையும் நம்பிவிடுவார். சைக்கிள்களுக்கு விளக்கு வேண்டும் என்று நகரசபை அறிவித்தல் ஒட்டியபோது, திருகோணமலை நகரத்தில் பட்டப்பகலிலும் விளக்கெரியச் சைக்கிள் ஓட்டிய ஒரே மனிதர் அவர்தான். அறிவித்தலில் இரவு என்ற சொல் இல்லை என்பது அவர் வாதம். வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வியாதி டைனமோவைத் தேய்த்ததோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

பிறந்தது கொட்டியாரக் குடாவுக்கு அந்தப்பக்கம், கட்டைபறிச்சானில். வயலில் இறங்கினால் நாற்றுக்கே கேடு என்று தகப்பன் கண்டுகொண்டதால் படிக்க வைக்கப்பட்டார். படித்தார், பௌதிகவியல் ஆசிரியரானார். மலைநாட்டுக் குளிரில் சில வருடங்கள் நடுங்கிவிட்டு, நகரத்துக் கல்லூரி ஒன்றுக்கு மாற்றம் வாங்கி வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டு வரை.

அந்த ஆண்டு கல்லூரி அதிபர் ஞானசேகரம் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பினார். கருத்தரங்குக்குப் போன அதிபர்கள் பொதுவாகத் தடிமன் காய்ச்சலோடு திரும்புவார்கள். இவர் தத்துவத்தோடு திரும்பினார். கல்லூரி என்பது இனிமேல் கல்லூரி அல்ல, கல்விக் குடும்பம். குடும்பத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சேர்ந்து எழுதி, சேர்ந்து கைதூக்கி ஏற்று, சேர்ந்து நடக்க வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவரிடம் எதிர்பார்ப்பதை எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. பலகாலமாக எதிர்பார்த்து வந்தவைதானே. ஆசிரியர்களிடம் மாணவர் எதிர்பார்ப்பதையும் நேரம் மிச்சமாகட்டும் என்று ஆசிரியர்களே எழுதிவிட்டார்கள். இருந்தாலும் குடும்பம் என்று பெயர் வைத்துவிட்டதால் பிள்ளைகளிடமும் ஒரு பேச்சுக்குக் கேட்கப்பட்டது. பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கும் உயர்தர வகுப்பில் ஸல்ஹா என்ற மூதூர்ப் பிள்ளை எழும்பி, தெரியாத விஷயத்தை ஆசிரியர்கள் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்றாள். அதிபர் தாராளமாகச் சிரித்து அதையும் சேர்த்துக்கொண்டார். தம்முடைய ஆசிரியர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். துறைமுகத்தில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் ஆளைக் கொண்டு எல்லாம் நீல எழுத்தில் பலகையில் எழுதப்பட்டு மண்டபத்தில் மாட்டப்பட்டன.

மாட்டியாயிற்று. யோகலிங்கம் மாஸ்டர் நின்று முழுவதையும் வாசித்தார்.

அடுத்த கிழமை ஸல்ஹா வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். இரவில் வள்ளத்தில் வரும்போது துடுப்புப் போட்ட இடமெல்லாம் தண்ணீர் ஒளிர்கிறதே, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? மாஸ்டர் யோசித்தார். பிறகு, "எனக்குத் தெரியாது பிள்ளை. பாத்துச் சொல்லுறன்" என்றார்.

வகுப்பு திடுக்கிட்டது. ஒரு பெடியன் யன்னல் பக்கம் பார்த்தான், கூரை விழுகிறதோ என்று. மாஸ்டர் நேரே தாவரவியல் கமலாதேவி ரீச்சரிடம் போய்க் கேட்டார். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று ரீச்சர் விளக்கினார். மாஸ்டரே நூலகத்தில் தேடி, கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று கண்டுபிடித்து, மறுகிழமை வந்து சொன்னார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் ஒரு விசித்திரம் நடந்தது. பிள்ளைகள் படிக்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஸல்ஹா.

ஆசிரியர் அறையில் இது நல்ல பெயர் வாங்கித் தரவில்லை.

"மாஸ்டர், நீங்கள் தெரியாது எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சால் எங்களையும் எல்லோ கேக்கப் போறாங்கள்" என்றார் கமலாதேவி ரீச்சர்.

"பலகையில கிடக்கு, ரீச்சர்."

"பலகையில கன விஷயம் கிடக்கும். அதெல்லாம் வாற ஆக்கள் பாக்கிறதுக்கு."

ஸல்ஹாவின் வாப்பா ஜமால்தீன் மூதூரில் நெல் வாங்கி விற்பவர். மகளை நகரத்தில் சாச்சி வீட்டில் விட்டுப் படிப்பித்ததற்காக ஊரில் எத்தனையோ கதை கேட்டவர். அந்த மாரிக்கு முன்னால் கிண்ணியாவிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. ஜமால்தீன் நியாயமான மனிதர். மகளிடம் ஒரே கதையாகச் சொல்லிவிட்டார்: பல்கலைக்கழகம் நிச்சயம் என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு இல்லை என்று சொல்கிறேன். நிச்சயம் இல்லை என்றால் வீட்டுக்கு வா. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பெற்றோர் தினத்தன்று காலை லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடந்து வந்தார்.

அதிபர் அவரைக் கதிரையில் இருத்தி, டொக்டர் மகளோடுதான் இனி மூதூருக்குத் திரும்புவீர்கள் என்றார். கமலாதேவி ரீச்சர், சந்தேகமே வேண்டாம் என்றார். ஸல்ஹா தன்னிடம் படித்த பிள்ளையா என்று நிச்சயமில்லாத வரலாற்று ஆசிரியரும் கட்டாயம் கிடைக்கும் என்றார். பெற்றோர் தினத்தில் ஆசிரியர் வாயிலிருந்து வேறு சொல் வந்ததாக இலங்கையில் எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஜமால்தீனும் வியாபாரி. பொருளை விற்பவன் பொருளைப் பற்றிச் சொல்வதை எவ்வளவுக்கு எடுக்கலாம் என்று தெரிந்தவர். கடைசியாக யோகலிங்கம் மாஸ்டரிடம் வந்தார்.

"மாஸ்டர், நீங்க எங்கட கரை ஆள். இவங்க சொல்லுறதெல்லாம் சரிதான். உங்கட வாயால ஒரு சொல்லுச் சொல்லுங்க. என்ட புள்ளைக்குக் கம்பஸ் கிடைக்குமா?"

வாப்பாவின் தோளுக்குப் பின்னால் ஸல்ஹா நின்றாள். நிலத்தைப் பார்க்கவில்லை. மாஸ்டரைத்தான் பார்த்தாள்.

கேள்வி கெட்டித்தனத்தைப் பற்றியதாக இருந்திருந்தால் மாஸ்டர் சத்தியமே பண்ணியிருப்பார். ஆனால் அந்தக் காலத்தில் புள்ளியை எடுப்பது பிள்ளை, அதற்கு என்ன பெறுமதி என்பதைச் சொல்வது கொழும்பு. இந்த வருடம் மொழிக்கு ஒரு கணக்கு, தமிழில் எழுதியவருக்குக் கூடின புள்ளி வேண்டும்; வரும் வருடம் என்ன கணக்கோ. போன வருடம் அவரிடம் படித்த மிகக் கெட்டிக்காரன் இப்போது அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கிடைக்கும் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மண்டபச் சுவரில் நீல எழுத்தும் நின்றது.

"தெரியாது" என்றார்.

பிறகு நிறையச் சொன்னார். பிள்ளை முதல்தரம், புள்ளி கட்டாயம் வரும், கணக்குப் போடும் முறைதான் மாறுகிறது, ஒருக்கால் எங்களுக்குச் சாதகமாகவும் மாறலாம் என்றார். ஜமால்தீன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்க வந்தது முதல் சொல்லிலேயே முடிந்துவிட்டது. எழும்பி மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்தார்.

"இத்தினை பேருக்குள்ள நீங்க ஒரு ஆள்தான் உண்மை கதைச்சீங்க. இந்த நன்றிய நான் மறக்க மாட்டன்" என்றார்.

அன்று பின்னேர லோஞ்சில் ஸல்ஹா வாப்பாவோடு போனாள். புத்தகங்களைச் சாச்சி வீட்டிலேயே விட்டுவிட்டாளாம்.

கல்விக் குடும்பம் உடனே கூடியது. அந்த வரியை நீக்க வேண்டும் என்று அதிபர் பிரேரித்தார். கமலாதேவி ரீச்சர் ஆமோதித்தார். கைதூக்கியவர்களில் யோகலிங்கம் மாஸ்டரும் ஒருவர். வள்ளங்களுக்குப் பெயர் எழுதுபவர் வந்து அந்த இடத்தில் வெள்ளை பூசிவிட்டு, மேலே பூரணமான ஒழுக்கம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு வந்தது. கொழும்பின் கண்ணுக்குத் திருகோணமலை பின்தங்கிய மாவட்டமாகத் தெரிந்தது, குறைந்த புள்ளிக்கும் இடம் கிடைத்தது. பின்தங்கியதில் ஊருக்கு முதன்முறையாக லாபம். ஸல்ஹாவிடம் விளக்கம் கேட்டுக் கேட்டுப் படித்த இரண்டாந்தரப் பெடியன் ஒருவன் மருத்துவத்துக்குப் போனான். கல்லூரி அவனுக்கு மாலை போட்டது. மாலையைக் கொண்டுபோய்ப் போடும் வேலை பௌதிகவியல் ஆசிரியருக்குக் கொடுக்கப்பட்டது.

மறுநாள் மாஸ்டர் லோஞ்ச் ஏறினார். என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே விளங்கவில்லை. மூதூர்த் துறையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனார். ஜமால்தீன் ஓடிவந்து கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். மாவட்டக் கணக்கை மாஸ்டர் விளக்கினார். ஜமால்தீன் தலையாட்டினார். மறுமையில் நடக்கும் விஷயத்தைக் கேட்பதுபோல. மகள் கிண்ணியாவிலிருந்து பிள்ளைப்பேற்றுக்காக வந்திருக்கிறாள் என்றார். குசினிப் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணி வந்தது. கூடவே குரலும் வந்தது.

"சேர், அண்டைக்கு நீங்க ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

கோபம் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும் அதே குரல். இதற்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று மாஸ்டரால் சொல்ல ஏலாது. தேத்தண்ணியைக் குடித்தார்.

புறப்படும்போது ஜமால்தீன் வாசல் படலை வரைக்கும் கூட வந்தார். அங்கே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"இளையவள் ஒருத்தி இருக்காள், மாஸ்டர். எட்டாம் வகுப்பு. அவளும் படிக்கத்தான் வேணுமெண்டு நிக்கிறாள். நீங்க பொய் பேசாத மனுசன். சொல்லுங்க, அவளுக்காவது கிடைக்குமா?"

"கட்டாயம் கிடைக்கும்" என்றார் யோகலிங்கம் மாஸ்டர். அந்தப் பிள்ளையை அவர் கண்டதும் இல்லை, பெயரைக் கேட்கவும் இல்லை.