தடைக்காலத்தில் சிங்கப்பூர்

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் விசைப்படகுகளெல்லாம் இரண்டு மாதம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சும்மா நிற்கும். என் நண்பன் அதில் ஒரு படகுக்கு டிரைவர். படகுக்கு ஓய்வு என்றால் அவனுக்கும் லீவு. அந்த லீவில்தான் நாங்கள் இரண்டு பேரும் சிங்கப்பூருக்குக் கிளம்பினோம். ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கொருக்குப்பேட்டைக்காரன், எட்டு வருஷமாக அங்கே கப்பல் ரிப்பேர் செய்யும் யார்டில் வேலை பார்க்கிறான். வருஷம் தவறாமல் "வாங்கடா, வாங்கடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன் அவன்தான்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாஸ்போர்ட்டை ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். கூடவே ஒரு கவலையும் இருந்தது. கொருக்குப்பேட்டைக்காரன் இந்தத் தடவை ஊரைச் சுற்றிக் காட்ட மட்டும் கூப்பிடவில்லை. தன் யார்டிலேயே டிரைவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். டிரைவரின் மனைவிக்கு அதில் முழுச் சம்மதம். புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் வாசலில் நின்று அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "எடத்த நேர்ல பாத்துட்டு ஒரு முடிவு சொல்லு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஒருவன் ஏற்கெனவே போய்விட்டான். இவனும் போய்விட்டால் சாயங்காலம் நான் யாரோடு டீ குடிப்பது? அவன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் என் ஆசை. சுத்த சுயநலம், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஊர் எங்கே மனுஷனைக் கவலைப்பட விடுகிறது! இறங்கிய அன்றே டிரைவர் இல்லாத ரயிலில் ஏறி, முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றோம். சுரங்கம் விளக்கு விளக்காக எங்கள் மேல் பாய்ந்து வந்தது.

"இன்னா மாமு, எவனுமே ஓட்டல, அதுவா போய்கினு கீது!" என்று என் படகு டிரைவர் கத்தியதில் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை சிரித்துவிட்டது.

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடுகிறவன். எந்தப் பாலத்தில் ஏறினாலும் கைப்பிடிக் குழாயைத் தட்டிப் பார்த்து கனம் சொல்லாமல் நகர மாட்டேன். "ஊரு மானத்த வாங்காதடா" என்று கொருக்குப்பேட்டைக்காரன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். சாப்பாட்டுக் கூடங்களில் மூன்று பேரும் மூன்று கடைகளில் வாங்கி வந்து நடுவில் வைத்துச் சாப்பிட்டோம். அவித்த கோழியும் அதன் கொழுப்பிலேயே வெந்த சோறும் இருக்கிறதே, அடடா! பள்ளிக்கூடம் விட்டு ஓடிய நாட்களில்கூட நாங்கள் இவ்வளவு சிரித்திருப்போமா தெரியவில்லை.

இதில் ஒரே தொல்லை டிரைவரின் வாய்தான். எதைப் பார்த்தாலும் "ஸோக்கா கீது மாமு" என்பான். ஊர் பிடித்துப்போய்விட்டதோ என்று நான் உடனே பேச்சை மாற்றுவேன்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடலையும் மீனையும் கண்ணில் காட்டினால் போதும், காசிமேடு ஞாபகம் வந்து இவன் தானாகக் கிளம்பிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொருக்குப்பேட்டைக்காரனை நச்சரித்து, ஜனங்கள் தூண்டில் போடும் இடத்துக்குக் காலையிலேயே கூட்டிப்போகச் சொன்னேன். கிழக்குக் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு போகும் பாலம் அது. குடை, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி சகிதம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"குச்சிய வச்சிகினு குந்திகினு கீறானுங்க. இதுவும் ஒரு மீன்புடியா?" என்று டிரைவர் சிரித்தான். எனக்கு உள்ளூர சந்தோஷம்.

அவன் சிரித்து முடிப்பதற்குள் ஒரு சீனத் தாத்தாவின் தூண்டில் வில்லாக வளைந்தது. மனிதர் தள்ளாடினார். டிரைவர் ஒரே ஓட்டமாக ஓடி, தூண்டில் நரம்பைத் தன் தோள்துண்டால் சுற்றிப் பிடித்து, விட்டு விட்டு இழுத்து, முழங்கை நீளக் கொடுவா மீன் ஒன்றை மேலே கொண்டுவந்தான். மீனின் வாய் கிழியாமல் தூண்டில் முள்ளையும் கழற்றினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் விசிலடித்தேன்.

அப்புறம்தான் வம்பு. அவன் சாவகாசமாகத் தாத்தாவின் வாளியிலிருந்து ஒரு சின்ன மீனை எடுத்து எங்கள் பையில் போட்டுக்கொண்டு, "வர்ட்டா நைனா" என்று நடையைக் கட்டினான். எங்கள் பக்கத்தில் வலையிலோ படகிலோ யார் கை கொடுத்தாலும் குழம்புக்கு மீன் உண்டு. அதை யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. எடுத்துக்கொண்டு போவார்கள். தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? திருடன் என்று நினைத்துக் கத்திக்கொண்டே பின்னால் வந்தார்.

"டேய், இது காசிமேடு இல்லடா! போலீசு வந்தா என் வேலையே பூடும்!" கொருக்குப்பேட்டைக்காரனின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாத்துக்குக் கத்துறாரு? நான் கை குடுத்தேன்ல?" டிரைவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

இங்கிலீஷ் பாதி, மலாய் பாதி, கையும் காலும் மீதியாகக் கொருக்குப்பேட்டைக்காரன் எங்கள் வழக்கத்தை விளக்கினான். தாத்தா டிரைவரின் உள்ளங்கையைப் பிடித்து, கயிறு அறுத்த தழும்புகளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பையில் இன்னொரு மீனைப் போட்டு, தன்னிடமிருந்த வேறொரு தூண்டிலை அவன் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

இரண்டு மணி நேரம் இருவரும் அசையவில்லை. அவர் சீன மொழியில் பேசினார், இவன் தமிழில் பதில் சொன்னான். எதிரே பெரிய பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. கடைசியில் டிரைவர் எழுந்து என்னிடம் வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"மாமு, இத்தினி நாளா ஒண்ணே ஒண்ணுதான் பேஜாரா இருந்துச்சு. கடலு இல்லாம எப்டி இருப்பேன்னு. இங்கியும் கீதேடா! ஞாயித்துக்கெழம ஆனா வந்து குந்திக்கலாம். நல்ல வேள, நீ இட்டாந்த."

அங்கேயே மனைவிக்கு வீடியோ கால் போட்டான். பேசிக்கொண்டிருந்தவன் போனை என்னிடம் நீட்டினான். "நீ சொன்னாத்தான் நம்புவாளாம்."

"அண்ணே, அவரு எதப் பாத்தாலும் ஸோக்கா கீதுன்னுவாரு," என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க. எடம் நல்லாகீதா? அனுப்பலாமா? நீங்க வேணாம்னா வேணாம்."

அந்த 'வேணாம்' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நான் நான்கு நாளாகத் தவம் கிடந்தேன். டிரைவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல எடம்மா," என்றேன். "தைரியமா அனுப்பு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வருவது போலிருந்தது, கேமராவைச் சட்டென்று கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.