கறார் அக்கா விடவில்லை

குப்பை வண்டி தள்ளும் அவளைத் தெருவில் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மக்கும் குப்பையில் பிளாஸ்டிக் கவர் கிடந்தால் வீட்டுக்காரரையே வரவழைத்து, அவர் கையாலேயே எடுக்க வைப்பாள்.

அன்று தனியார் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கறுப்புப் பையைத் தூக்கியபோது, கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஊசி இறங்கியது. பிரித்தால், மிச்சச் சோற்றோடு ரத்தம் ஊறிய பஞ்சும் ஊசிகளும். உள்ளே போய்க் கையைக் காட்டினாள். ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோப்பு போட்டுக் கழுவு, வாசலில் நிற்காதே என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். நோய் தொற்றியதா என்று உறுதியாகச் சொல்லச் சில மாதம் ஆகுமாம். அதுவரை அவள் மகளுக்கு ஒரு வாய் ஊட்டவில்லை. தொட்டால் ஒட்டாது என்று நர்ஸ் சொல்லியும் மனசு கேட்கவில்லை. பயம் ஏற ஏற ஆத்திரமும் ஏறியது.

அந்த வாசல் பைகளை அவள் தொடவில்லை. கூட வேலை செய்கிறவர்களையும் தொட விடவில்லை. பைகள் குவிந்து தெருவே நாறியதும் புகார் போனது. சுகாதார அதிகாரி வந்து பைகளைப் பிரித்துப் பார்த்தார். டாக்டர் மேல் வழக்கு பாய்ந்தது.

கடைசிப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. கணவன் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதான். அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த நாத்தனார் அன்று மாலையே வந்தாள்.

"உனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே அண்ணி, விட்டுடேன்."

"அவருக்கும் ஒண்ணும் ஆகலையே. அதைத்தான் என்னால தாங்க முடியல."

ஆஸ்பத்திரியை மூடினால் தன் பிழைப்பு போய்விடும் என்று நாத்தனார் கெஞ்சினாள். இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

விசாரணை நடந்த நாளெல்லாம் வேலைக்கு லீவு போட்டு, டாக்டர் திரும்பினால் கண்ணில் படுகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். சமரசம் பேச வந்த டாக்டரின் வக்கீலைத் திருப்பி அனுப்பினாள். சாட்சிக் கூண்டில், இதனால் உனக்கு என்னம்மா நஷ்டம் என்று அதே வக்கீல் கேட்டார்.

"பெத்த பிள்ளையைத் தொடப் பயந்தேன் சார். அந்தப் பயம் அவருக்கும் வரணும்."

டாக்டருக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள். ஆஸ்பத்திரி உரிமம் ரத்தானது. தீர்ப்பைக் கேட்டு டாக்டர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டாள். அது மட்டும் உறுத்தியது. ஒருநாள் கணவன் தயங்கித் தயங்கி, டாக்டர் அப்பீல் போகிறாராம் என்றான்.

"போகட்டும். அங்கேயும் பெஞ்சு இருக்குமில்ல" என்றாள்.