அம்மா பேர் எழுதிய டப்பா

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் ஒரு மூலைதான். நான் அரிச்சுவடி படித்த வருடம், பதுளையிலிருந்து மருந்துக்கார ஐயா ஒருவரும் அவருக்கு உதவியாக மருத்துவ அம்மா ஒருவரும் அங்கே வந்தார்கள். ஐயா எங்கள் கண் இமைகளை இழுத்துப் பார்த்தார். வெறுங்காலோடு நடந்தால் மண்ணிலிருக்கும் புழு வயிற்றுக்குள் போய் ரத்தத்தைக் குடிக்கும் என்றார். பிறகு வீட்டில் இருப்பவர்களை எண்ணி, தலைக்கொரு தகர டப்பா கொடுத்து, மறுநாள் காலையில் அதில் எதைக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னார். வாத்தியார் கூரையைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

வீட்டில் அப்பா தன் டப்பாவை வாங்கிக்கொண்டார். அம்மா தொடக்கூட இல்லை.

"சீ, பொம்பளைகிட்ட கேக்குற சாமானா இது? எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

அம்மா பேர் எழுதிய டப்பா காலியாகப் போனால் வாத்தியார் அடிப்பார் என்று எனக்குப் பயம். எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டில் ஆடு வளர்த்தார்கள். விடியற்காலையில் நாலு புழுக்கையைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு மசித்து, அம்மாவின் டப்பாவில் அடைத்தேன். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மருத்துவ அம்மா மட்டும் எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா அப்போதுதான் கொழுந்துக்கூடையை இறக்கியிருந்தாள்.

"ஐயா ஒங்க டப்பாவக் கண்ணாடியில வச்சுப் பாத்தாரு. நீங்க வெறும் புல்லு தின்னுதான் உசுரோட இருக்கீங்களாம். வீட்டுல சோறு பொங்குறதில்லையா?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், மருத்துவ அம்மாவைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே மூச்சிரைப்பாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கூடச் சேர்ந்து சிரித்த மருத்துவ அம்மாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படி மூச்சு வாங்குது?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். "இது பொறந்ததுலேருந்துங்க."

மருத்துவ அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே இருவரும் வெகுநேரம் பேசினார்கள். மறுநாள் காலை, முந்தானையில் மறைத்தபடி, அம்மாவே டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எங்கள் மூவர் வயிற்றிலும் புழு இருந்தது. சீனியில் சொட்டுச் சொட்டாக ஏதோ எண்ணெயை விட்டுத் தின்னச் சொன்னார்கள். பிறகு பேதி உப்பு. அதற்குமேலும் அம்மாவுக்கு மட்டும் ரத்தம் ஊறுவதற்கென்று ஒரு கறுத்த மருந்து வந்துகொண்டே இருந்தது. மருத்துவ அம்மா வாரந்தோறும் வந்து, அவள் அதைக் குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றார்.

சில மாதம் கழித்து, ஒருநாள் பள்ளிக்கூடம் போகாமல் தேயிலைக்குள் ஒளிந்திருந்தேன். அம்மா கண்டுவிட்டாள். நான் மேட்டில் ஓடினேன். அவளும் விடாமல் ஓடிவந்தாள். உச்சிப் பாறைக்கருகில் என் சடையைப் பிடித்து முதுகில் இரண்டு வைத்தாள். நான் ஓவென்று அழுதேன். அவளோ, தான் ஏறிவந்த மேட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். உடனே என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அடித்த கையோடு எதற்காக அவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று எனக்கு அன்று புரியவில்லை.