முதல் வெட்டு

என் பெரியப்பா தச்சர். மரத்தில் கைவைக்கும் முன் பென்சில் சீவுவார். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் பார்க்கிறேன். முனை ஊசியானதும் ஊதுவார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், மறுபடி சீவுவார். அவர் பட்டறையில் பலகையைவிடப் பென்சில்தான் வேகமாகத் தீரும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சும்மா இருப்பேனா? "இது சோம்பல் இல்ல பெரியம்மா. சரியா வராதோங்கிற பயம்" என்று விளக்கினேன்.

"பேரு வச்சிட்ட. சோறு யாரு வைப்பா?" என்றார் பெரியம்மா.

எதிர்வீட்டு டீச்சருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. வாசலில் உயரமான படிகள். சாய்வுப் பாதை இல்லாவிட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவதாக மகன் சொல்லிவிட்டான். டீச்சரோ சொந்த வீட்டுக்குத்தான் வருவேன் என்று அழுதார். பாதை செய்து தரப் பெரியப்பா ஒப்புக்கொண்டார். டீச்சர் வீடு திரும்ப ஒரே நாள் இருந்தபோதும் பலகைகள் சுவரில் சாய்ந்தே நின்றன. பெரியப்பா ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நாளைக்கு டீச்சர் வர்றாங்க."

"சரிவு சரியா அமையணும். அவசரப்பட்டா மரம் போயிடும்."

"மரம் போனா வேற மரம். டீச்சர் போனா?"

பெரியம்மா ரம்பத்தைப் பிடுங்கி, இருப்பதிலேயே நல்ல பலகையில் கோடுகூடப் போடாமல் இழுத்தார். வெட்டு பாம்பாக நெளிந்தது.

"அடிப்பாவி! குடு இப்படி!"

"மாட்டேன். இப்பத்தான் கை பழகுது."

பெரியப்பா பாய்ந்து பறித்தார். அந்தக் கோணலை நேராக்க ஒரு வெட்டு, அதற்கு ஈடாக இன்னொன்று. பயப்பட இனி என்ன மிச்சம்? கெட்டது கெட்டுவிட்டது, அதுவும் அடுத்தவர் கையால். பொழுது சாயும் முன் பாதை வாசலில் உட்கார்ந்துவிட்டது. என் வேலை விண்ணப்பத்தின் முதல் வரியைக் கெடுத்துக்கொடுக்க யாரைப் பிடிக்கலாம் என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர் வந்தார். இடப்பக்கக் கைப்பிடியைப் பற்றி, தானே ஏறி வீட்டுக்குள் போனார். வலப்பக்கம் வெறுமை. இறங்கும்போது நல்ல கைக்குப் பிடிப்பில்லை. அதனால் வீட்டைப் பார்த்தபடியே பின்னோக்கி இறங்குகிறார், கட்டிலிலிருந்து இறங்கும் குழந்தையைப் போல.

"ஏற வழி பண்ணிட்டீங்க. இறங்க எப்போ?" என்று நேற்றும் கேட்டார்.

"நல்ல மரமா தேடிட்டு இருக்கேன் டீச்சர்" என்றார் பெரியப்பா.

பெரியம்மா இப்போது தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். கைப்பிடி பாக்கி.