என் பதிவில் அப்பா ஏழையானார்

பி.காம். கடைசி வருடத்தில், மாட்டுங்காவில் இருந்த எங்கள் கல்லூரிக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். வேலை தேடும் மாணவர்கள் தங்களை ஒரு பிராண்டாக உருவாக்கிக்கொள்வது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு. சோப்புக்கும் ஷாம்புவுக்கும் இருப்பதுபோல நமக்கும் ஓர் அடையாளம் வேண்டும், இல்லாவிட்டால் நம் ரெஸ்யூமேயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றார். நான் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டார். என் ரெஸ்யூமேயில் முகவரி மாஹிம் கிழக்கு என்று இருந்தது. சேரி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று தாராவிக்காரர்கள் பலர் அப்படித்தான் போடுவோம்.

"மாஹிமில் எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"தாராவி" என்றேன், மெல்ல.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அரே, இது தங்கம்! இதைப் போய் மறைத்து வைத்திருக்கிறாயே! அப்பா என்ன செய்கிறார்?"

"பை தைக்கிறார்."

பொய்யில்லை. கீழே எங்கள் கார்கானா, சொந்தப் பட்டறை; அதில் எட்டு மெஷின்கள். ஏழில் ஆட்கள் பள்ளிக்கூடப் பைகள் தைப்பார்கள், எட்டாவதில் அப்பா உட்காருவார். மேல் மாடியில் எங்கள் வீடு. இதையெல்லாம் நான் சொல்வதற்குள் நான் இணையத்தில் போட வேண்டிய பதிவை அவரே ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். அதில் நான் 'தினக்கூலித் தையல்காரரின் மகள்' ஆகியிருந்தேன்.

"சார், ஆனால் அப்பா..."

"விவரம் முக்கியமில்லை. உணர்வுதான் முக்கியம்."

அந்த நேரத்தில் அது எனக்கு ஆழமான கருத்தாகத்தான் பட்டது.

படம் வேண்டும் என்றார். எங்கள் சந்திலேயே கொஞ்சம் குறுகலான இடமாகப் பார்த்து, சாயம்போன சுடிதாரில் நின்றேன். அம்மா ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஈஸ்டருக்கு எடுத்த சுடிதார் என்னாச்சு? சாக்கடை ஓரத்துல நின்னா போட்டோ எடுப்பாவ?"

"வேலைக்குமா."

"எந்த வேலைக்கு இப்பிடிக் கேக்காவ?"

வேலை தேடுவோருக்கான தளத்தில் பதிவைப் போட்டேன். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் கண்ணீர் வந்ததாக எழுதினார்கள். சான்பாடாவில் இருக்கும் சித்தப்பாவும் பார்த்திருக்கிறார். போன் போட்டு அப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்லிவிட்டார். அன்று முழுவதும் அப்பா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், வறுமையில் வாடும் ஒரு குடும்பத்துக்காகவும் கல்வியால் உயரத் துடிக்கும் அவர்கள் மகளுக்காகவும் போதகர் ஐயர் ஜெபித்தார். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா பட்டுச் சேலையில் இருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம், பதிவைப் பார்த்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். மூன்று பேர், ஒரு பேனர், ஒரு கேமரா. தினக்கூலித் தையல்காரருக்கு ஒரு புதுத் தையல் மெஷின் கொண்டுவந்திருந்தார்கள். எட்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த அறையில் அதை வைக்க இடமில்லாமல் வாசலில் வைத்தார்கள். அப்பா அதைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல மிஷின்தான். ஆனா இது வீட்டு மிஷின், ரெக்சினுக்கு ஊசி தாங்காது" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

எட்டு மெஷின்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். படம் எடுக்காமல் போக முடியாதாம். அப்பாவை அதன் முன் உட்காரச் சொன்னார்கள். அப்புறம் கேமராக்காரர், வாட்சைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போனதும் கேட்டேன், "ஏம்ப்பா கழட்டுனீங்க?"

"ஒனக்கு வேலை கெடைக்கும்னு சொல்லுதாவல்லா. ஒரு போட்டோதானே. இருந்துட்டுப் போகுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடிக்குப் போய்ப் பதிவை அழித்தேன். அந்த மெஷின், மறுநாளே அதே நிறுவனத்தின் ஆளிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடி, உண்மையில் தேவைப்பட்ட வேறொரு வீட்டுக்குப் போனது. படம் மட்டும் அவர்களுடைய இணையப் பக்கத்தில் நெடுநாள் இருந்தது.

இத்தனைக்கும் பலனாக எனக்கு வந்தது ஒரே ஓர் அழைப்பு. பெரிய கம்பெனி. மகளிர் தினத்தன்று வந்து என் கதையைப் பேச வேண்டுமாம். "வேலை ஏதாவது?" என்று கேட்டேன். இப்போதைக்குக் காலியிடம் இல்லை, ஆனால் நான் அவர்களுக்கு மிகுந்த ஊக்கமளிப்பதாகப் போனில் பேசிய பெண் சொன்னாள்.

பிறகு ரெஸ்யூமேயைப் புதிதாக எழுதினேன். முகவரி தாராவி. தந்தையின் தொழில்: பை தயாரிப்பு, சொந்தப் பட்டறை. செம்பூரில் ஏற்றுமதிச் சரக்குகளுக்கான ஆவணங்களைத் தயார் செய்யும் ஒரு சின்ன ஆபீஸில் நேர்காணல். அங்கிருந்த மராத்திக்கார மேடம் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பட்டறையிலிருந்து போகும் சரக்குக்குச் சலான் யார் எழுதுவது?"

"நான்தான் மேடம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து."

"சரக்கு குறைவாகப் போய்விட்டால்?"

"போன் செய்து பேசுவேன். கடைக்காரர் இந்தி என்றால் இந்தி, மராத்தி என்றால் மராத்தி."

அதற்குமேல் அவர் என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஜூனியர் உதவியாளர் வேலை. படிவங்களில் பெட்டிகளின் எடையும் எண்ணிக்கையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. சேர்ந்த முதல் மாதம், ஒரு நாள் மாலை சயானில் பஸ் இறங்கி வந்தபோது கார்கானா வாசலில் அப்பா யாரோ ஒரு வியாபாரியுடன் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை.

"நம்ம மக கப்பல் கம்பெனில ஆபீசர்லா. அவ கையெழுத்துப் போடாம ஒரு கப்பல் நவராது, பாத்துக்கிடும்."

நான் திருத்தவில்லை. சத்தமில்லாமல் ஏணியில் ஏறி மேலே போய்விட்டேன்.